வாடிக்கையாளர் கண்ணில் உங்கள் இடம்: கிளினிக், மெஸ், சலூன் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல்வலியோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கின் படியேறுகிறவருக்கு உள்ளே இருக்கும் டாக்டரின் கைத்திறன் தெரியாது. வேர் சிகிச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் தெரியாது. அந்தப் பல் எத்தனை வருடம் தாங்கும் என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாஷ்பேசினில் படிந்த மஞ்சள் கறை தெரியும். நாற்காலிக்கு அடியில் நேற்றைய பஞ்சு கிடப்பது தெரியும். இரண்டையும் பார்த்ததும், "கருவியையாவது ஒழுங்காகக் கழுவுவார்களா?" என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழும். வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த முறை வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார்.

புடவையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். பண்ருட்டிப் பலாவைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். முடிவெட்டுவதையும் ஊசி போடுவதையும் பத்திரம் எழுதுவதையும் அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி 1977-ல் எழுதியதன் சாரம் இதுதான்: சேவை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் ஆட்கள் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். 1981-ல் பெர்னார்ட் பூம்ஸ், மேரி ஜோ பிட்னர் இருவரும் சேவைத் தொழிலுக்கான சந்தைப்படுத்தல் பாடத்தில் இந்தக் 'கண்கூடான சான்றை'த் தனி அம்சமாகவே சேர்த்தார்கள். 1992-ல் பிட்னர் இதை இன்னும் விரித்து, ஓர் இடத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். காற்று, வெளிச்சம், சத்தம், வாசனை போன்ற சூழல் ஒன்று. பொருள்கள் எங்கே எப்படி இருக்கின்றன, அவற்றால் வேலை நடக்கிறதா என்பது இரண்டு. போர்டு, படம், அலங்காரம் சொல்லும் சேதி மூன்று. அவர் சொன்ன இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: அந்த இடம் வாடிக்கையாளரோடு சேர்த்து அங்கே வேலை செய்கிறவர்களையும் மாற்றுகிறது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இடத்துக்குச் செலவழிப்பவர்கள் பணத்தை முகப்பில் கொட்டுகிறார்கள்: பெரிய எழுத்தில் மின்னும் போர்டு, ஃபால்ஸ் சீலிங், ரிசப்ஷன் மேஜைக்குக் கிரானைட். வாடிக்கையாளர் அதிக நேரம் இருப்பதோ காத்திருக்கும் இடத்தில். கவலையும் எரிச்சலும் வருவது அங்கேதான். பணமும் கவனமும் முதலில் அங்கே போக வேண்டும். வாடகைக் கட்டடத்தில், சுவரை இடிக்க முடியாமல், ஷட்டர் போட்ட ஒன்றிரண்டு கடை அளவுள்ள இடத்தில் தொழில் நடத்துகிறவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் படிகளை எழுதுகிறேன்.

முதல் படி: வாடிக்கையாளர் வரும் வழியில் நீங்களே வாருங்கள்

உரிமையாளருக்குத் தன் இடம் தெரியாது. பின்வாசல் வழியாக வருவார், ஃபேனுக்கு நேர்கீழே உட்காருவார், வாடிக்கையாளருக்கான கழிப்பறையில் கால் வைத்து வருடக்கணக்காகியிருக்கும். ஒரு நாள் கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் வெளியே போய், பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர் மாதிரி நடந்து வாருங்கள். போர்டு எந்தத் தூரத்தில் கண்ணில் படுகிறது, மின்கம்பமோ பக்கத்துக் கடைத் தட்டியோ மறைக்கிறதா, வண்டியை எங்கே நிறுத்துவது, செருப்பை எங்கே விடுவது என்று பாருங்கள். உள்ளே வந்து இருப்பதிலேயே மோசமான நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். அங்கிருந்தபடியே போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். கண்ணுக்குப் பழகிப்போன ஒட்டடையும் தொங்கும் ஒயரும் படத்தில் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, உங்கள் இடத்துக்கு வந்தே இராத ஒருவரை வரச்சொல்லுங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ வருகிற, கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரிகிற பெரியவராக இருந்தால் மிக நல்லது. அவர் யாரிடம் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "டோக்கன் எங்கம்மா தர்றாங்க?", "பணம் முன்னாடியே கட்டணுமா?", "இந்த வழியாவா போகணும்?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் இடம் சொல்லத் தவறியது. மீதிப் படிகளுக்கு இந்தக் குறிப்புதான் அடிப்படை.

இரண்டாம் படி: யாருக்கான இடம் என்று தீர்மானியுங்கள்

நம் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதியில், மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் காகிதப்பூக் கொடியுமாக ஒரு காபிக் கடையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கடலூரில் ஒரு சலூன் போடுகிறார்கள். அங்கே தெரு முழுக்க அதே நிறம், வருகிறவர்களும் அந்த அழகுக்காகவே வருகிறவர்கள். நெல்லிக்குப்பம் சாலையில் லேத் பட்டறைக்கும் உரக்கடைக்கும் நடுவில் அந்த மஞ்சள் சுவர் தனியாக நின்றால், "இது நமக்கில்லை" என்றுதான் தெருவில் போகிறவர்கள் நினைப்பார்கள்.

கண்ணாடிக் கதவும் அப்படியே. உள்ளே குளிர்சாதனம், வெளியே மூடிய கதவு, அதில் கறுப்பு ஃபிலிம். பார்த்ததும் விலையை மனசுக்குள் ஏற்றிவிடுவார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர், மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற அம்மா, கால் மண்ணோடு வரும் விவசாயி யாரும் அந்தக் கதவைத் தள்ளத் துணிய மாட்டார்கள். நீங்கள் வாங்குவது அடுத்த தெரு சலூனில் வாங்கும் அதே பணமாக இருக்கலாம். அது கதவுக்கு வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? இவர்களும் உங்கள் வாடிக்கையாளர் என்றால் ஃபிலிமைக் கிழித்துவிட்டு, விலைப்பட்டியலைக் கதவுக்கு வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். மாலையில் கடற்காற்று வந்த பிறகு கதவைத் திறந்தே வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடும் பார்லர், பெரிய தொகைக்கு வழக்கு பார்க்கும் வக்கீல் அலுவலகம் ஆகியவற்றில் வாடிக்கையாளர் மூடிய, அமைதியான, கொஞ்சம் செலவு செய்த இடத்தைத்தான் எதிர்பார்க்கிறார். ஆடும் மேஜையில் வைத்துப் பெரிய தொகைக்கு ரசீது எழுதினால் அவருக்குப் பயம் வரும்.

உங்கள் சேவை எந்த வகை என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பிட்னர் சொன்ன பிரிவு இதற்கு உதவும். ஏ.டி.எம். மாதிரி வாடிக்கையாளர் மட்டுமே இயங்கும் இடத்தில் எழுத்தும் அம்புக்குறியும்தான் எல்லாம். போனிலேயே வேலை முடிகிற அலுவலகத்தை ஊழியர்களுக்கு வசதியாக அமைத்தால் போதும். கிளினிக், சலூன், மெஸ் போன்றவற்றில் இரண்டு தரப்பும் ஒரே அறையில் இருப்பதால் இருவருக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

மூன்றாம் படி: வாசல்

புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் பழைய வீடுகளை நின்று பாருங்கள். வைசியாள் வீதியில் புதுப்பித்த வீடுகள் வரிசையாக இருக்கின்றன. தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை. வெயிலில் வந்தவர் வீட்டாரைக் கூப்பிடுமுன்பே நிழலில் நின்றுவிடலாம், கேட்காமலே உட்காரலாம். உள்ளே நுழைய வேண்டியவர், நுழைய வேண்டாதவர் இருவருக்கும் அங்கே இடமிருந்தது. இன்றைய ஷட்டர் கடையில் தெருவிலிருந்து ஒரே எட்டில் உள்ளே, நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு அடி நீளத்துக்கு ஒரு தகரக் கூரையும் அதன் கீழே ஒரு பெஞ்சும் போட்டாலே அந்த நடுவெளி திரும்பக் கிடைத்துவிடும். கூட்டமான நாளில் துணைக்கு வந்தவர்கள் அங்கே உட்கார, உள்ளே நெரிசலும் குறையும்.

படி ஒன்று, இரண்டு என்று இருந்தால் சாய்தளம் கட்டாயம் வேண்டும். உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் என்பது கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடிச் சாய்தளம். பலர் 2 அடிக்குச் செங்குத்தாகச் சிமெண்ட் பூசி வைக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், மழையில் நடப்பவரே வழுக்குவார். பக்கத்தில் ஒரு கைப்பிடிக் குழாயையும் பதித்துவிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதினால், அதை விட ஒரு தட்டும், குனிந்து வாரைக் கழற்ற ஒரு சின்ன இருக்கையும் வையுங்கள். படியில் சிதறிக் கிடக்கும் செருப்புக் குவியல்தான் உங்கள் இடத்தைப் பற்றி முதலில் கண்ணில் படுவது. தொலைந்துவிடுமோ என்ற நினைப்போடு உள்ளே உட்கார்ந்திருப்பவர் டாக்டர் சொல்வதைப் பாதிதான் கேட்பார்.

நான்காம் படி: காத்திருக்கும் இடம்

டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருத்தலின் மனவியலைப் பற்றி எழுதியவை இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளும். காரணம் சொல்லாத தாமதம் இன்னும் நீளும். கவலையோடு இருப்பவருக்கும் தனியாக வந்தவருக்கும் அதைவிட நீளும். எல்லாவற்றையும்விட, நியாயமில்லாத காத்திருப்புதான் ஆளைக் கொதிக்க வைக்கும்.

நம் ஊர்க் கிளினிக்கில் இது நடப்பதைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு டோக்கன் வாங்கியாயிற்று. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் "இப்ப வந்துடுவார்" என்று பதில். ஏழு மணிக்குக் கேட்டாலும் அதே பதில். டாக்டர் வந்ததும் மருந்து கம்பெனி ரெப் ஒருவர் பையோடு நேரே உள்ளே போகிறார். அவர் வெளியே வந்ததும் "தெரிஞ்சவங்க" என்று ஒரு குடும்பம் போகிறது. பதினேழாம் டோக்கன் வைத்திருப்பவருக்கு இப்போது காய்ச்சலைவிடக் கோபம்தான் அதிகம். உள்ளே போனதும் டாக்டர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அந்தக் கோபத்தோடுதான் கேட்பார்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டோக்கன் எண்ணை எல்லா இருக்கையிலிருந்தும் தெரிகிற இடத்தில் காட்டுங்கள், எல்.இ.டி. பலகை வாங்க முடியாவிட்டால் கரும்பலகையும் சாக்பீஸும் போதும். தாமதமானால் காரணத்தோடு நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: "ஆபரேஷன்ல இருக்கார், ஏழே காலுக்கு வருவார், வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்கய்யா." ரெப்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். அவசர நோயாளியை முன்னே அனுப்ப வேண்டியிருந்தால், அவசரம் என்பதை மற்றவர்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புங்கள். நம் மக்கள் அதற்கு விட்டுக்கொடுக்கத் தயங்குகிறவர்கள் இல்லை.

இருக்கைக்கு வருவோம். மூன்று மூன்றாக ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்த, ஓட்டை போட்ட ஸ்டீல் நாற்காலிதான் எங்கும். ஓரத்தில் இருப்பவர் எழுந்தால் மற்ற இருவரும் ஆடுவார்கள். ஒரு பக்கத் திருகு கழன்றதும் சட்டம் சாய்ந்து, நடுவில் இருப்பவர் பக்கத்து ஆள் மேல் சரிவார். அதனாலேயே நடு இருக்கை எப்போதும் காலியாக இருக்கும், இருவர் நின்றுகொண்டிருப்பார்கள். மூட்டுவலிக்காரர் எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். எலும்பு டாக்டர் கிளினிக்கிலேயே அது இல்லாமல் பார்க்கலாம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கைப்பிடியுள்ள தனித்தனி நாற்காலிகள் சிலவற்றையாவது முன்வரிசையில் போட்டு, அவை முதியவர்களுக்கு என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கையை நோயாளிக் கணக்கில் போடாதீர்கள். நம் பக்கம் ஒரு நோயாளிக்குத் துணை ஒருவராவது வருவார், குழந்தை என்றால் இருவர்.

நாற்காலி எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. உங்கள் கட்டடத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் அதை மறைத்து ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள். நாற்காலிகளை மரம் தெரியும் பக்கமாகத் திருப்புங்கள். ஊசி போடும் அறைக் கதவை எதிர்த்து மட்டும் போடாதீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே அழும் குழந்தையை வெளியே இருக்கும் குழந்தை பார்க்கும், அப்புறம் அதைச் சமாதானப்படுத்த முடியாது.

மெஸ்ஸில் காத்திருப்பு வேறு விதம். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பதைப் போன்ற இம்சை வேறில்லை. இருவருக்கும் சோறு இறங்காது. வாசலுக்கு வெளியே நாலு ஸ்டூல் போட்டு, இடம் காலியானதும் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சம், சத்தம், வாசனை, காற்று

கடையில் போய் "ஒயிட் எல்.இ.டி." என்று கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) டியூபைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்த நீலம் கலந்த வெளிச்சத்தில் சாம்பார் சாம்பல் நிறமாகவும், சலூன் கண்ணாடியில் முகம் நோயாளி முகமாகவும் தெரியும். சாப்பிடும் இடத்துக்கு 2700 முதல் 3000, கிளினிக்குக்கும் அலுவலகத்துக்கும் 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். சலூனிலும் பார்லரிலும் விளக்கைத் தலைக்கு மேலே போடாமல் கண்ணாடியின் இருபுறமும் போடுங்கள். நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ளதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். முடிக்கு அடித்த சாயம் கடையில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரிந்தால், வாடிக்கையாளர் திட்டுவது உங்களைத்தான்.

இசையைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ரொனால்ட் மில்லிமன் 1986-ல் வெளியிட்ட உணவக ஆய்வு. மெதுவான இசை ஒலித்த நாள்களில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 56 நிமிடம் மேஜையில் இருந்தார்கள். வேகமான இசையில் 45 நிமிடம். உணவுச் செலவு பெரிதாக மாறவில்லை, மதுபானச் செலவுதான் கூடியது. இதைப் படித்துவிட்டு மதிய மெஸ்ஸில் மெலடி போடாதீர்கள். வாசலில் ஆள் நிற்கும்போது 11 நிமிடம் கூட உட்கார வைப்பதால் உங்களுக்கு என்ன லாபம்? மாலையில் குடும்பத்தோடு வந்து சாப்பிடும் இடத்துக்கு அது சரி. கிளினிக் டி.வி.யில் செய்தி விவாதம் ஓடவே கூடாது. ஏற்கெனவே பயந்திருப்பவர் முன்னால் நாலு பேர் கத்துவது கொடுமை.

டைல்ஸ் தரை, கண்ணாடி, வெறும் சுவர் மூன்றும் சேர்ந்த அறையில் ஒவ்வொரு சத்தமும் எதிரொலிக்கும். கனமான துணித் திரையும், சுவரில் துணி ஒட்டிய நோட்டீஸ் பலகையும் அதைப் பெருமளவு குறைக்கும்.

வாசனையில் ஒரே விதி: மறைக்கப் பார்க்காதீர்கள். மழைக்காலப் பூஞ்சை வாடைக்கு மேல் ரூம் ஸ்ப்ரே அடித்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும். மெஸ்ஸில் எக்ஸாஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்கேறிச் சுற்றாமல் நின்றால், அடுப்படிப் புகை சாப்பிடுகிறவர் சட்டையில் ஏறி அவரோடு அலுவலகம் வரை போகும்.

மெஸ்ஸில் என்னைக் கேட்டால் முதலில் கவனிக்க வேண்டியது கை கழுவும் இடம். சாப்பிடுமுன் ஒரு முறை, சாப்பிட்ட பின் ஒரு முறை என்று எல்லாரும் நின்று பார்க்கும் இடம் அது ஒன்றுதான். பேசினில் சோற்றுப்பருக்கை தேங்கி, குழாய்த் திருகில் குழம்புக் கறை, கீழே எச்சில் இலை வாளி, அதில் ஈ, சுற்றிலும் தரை சொதசொத. உள்ளே சமையலறை பளபளவென்று இருந்தாலும் அதை யார் நம்புவார்? இலை வாளியைக் கண்ணில் படாத மூலைக்கு மாற்றுங்கள், குழாயை முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி போடுங்கள், குழந்தைகளுக்குத் தாழ்வாக ஒன்று வையுங்கள், தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துத் தரையைச் சரிசெய்யுங்கள். கூட்ட நேரத்தில் அதைத் துடைக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

ஆறாம் படி: ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழக்கூடாது

லேப் கவுண்டரில் "உங்களுக்கு என்ன டெஸ்ட்?" என்று உரக்கக் கேட்டதும் பின்னால் நிற்கும் ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். கடலூர் மாதிரி ஊரில் அந்த ஏழு பேரில் ஒருவர் சொந்தக்காரராகவோ அதே தெருக்காரராகவோ இருப்பார். பெண்களுக்கான பரிசோதனை, மனநல ஆலோசனை, கடன், சொத்துத் தகராறு என்றால் ஆட்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பலர் இதற்காகவே கடலூரில் பார்க்காமல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

மனிதர்களுக்கிடையே உள்ள தூரங்களை ஆராய்ந்த எட்வர்ட் ஹால், நெருங்கிய பழக்கமுள்ளவர்களின் பேச்சு ஏறத்தாழ 1.2 மீட்டருக்குள் நடக்கும் என்று வகுத்தார். ஆகவே கவுண்டரிலிருந்து 4 அடி தள்ளி, தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, அடுத்தவரை அங்கே நிறுத்துங்கள். கவுண்டரில் நிற்பவரின் வாய் கூட்டத்தைப் பார்த்திராமல் சுவரைப் பார்த்திருக்கும்படி மேஜையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயால் சொல்லத் தயங்கும் விவரத்தை எழுதித் தர ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். எழுதத் தெரியாதவரை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். டாக்டர் அறைக் கதவுக்குப் பதில் வெறும் திரை தொங்கினால் அதற்குத்தான் முதல் செலவு.

ஏழாம் படி: போர்டுகள்

வாசல் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. விதி இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும். எழுத்தின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: 10 அடி தள்ளிப் படிக்க வேண்டியதற்கு 1 அங்குல உயரம். அம்புக்குறிகளையும் அறை எண்களையும் இந்தக் கணக்கில் பாருங்கள்.

அடுத்து, சுவரில் எத்தனை "கூடாது" இருக்கிறது என்று எண்ணுங்கள். எச்சில் துப்பாதீர், செல்போன் பேசாதீர், சில்லறை கேட்காதீர், கடன் கிடையாது, அனுமதியின்றி உள்ளே வராதீர். பணம் கொடுத்துவிட்டு வருகிறவரை நுழைந்ததும் திட்டுவதைப் போலத்தான் இது. பாதியைக் கழற்றிவிட்டு, அதற்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள். குப்பைக்கூடை எட்டும் தூரத்தில் இருந்தால் குப்பையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

உணவுப் பாதுகாப்பு உரிமம், டாக்டரின் பதிவு எண் போன்றவற்றை அலமாரிக்கு மேலே தூசியில் மாட்டாமல் கண்மட்டத்தில் மாட்டுங்கள். சாமி படம் இருக்கட்டும். நம் ஆட்களுக்கு அது ஒரு தெம்பு. ஆனால் போன வாரத்து மாலை காய்ந்து தொங்கினால், தினமும் கவனிக்கிற ஆள் இங்கே இல்லை என்று அதுவே சொல்லிவிடும்.

எட்டாம் படி: உங்களிடம் வேலை செய்கிறவர்கள்

நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடுகிற பெண்ணிடம் மாலை ஏழு மணிக்குச் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடலூர்க்காரர்களுக்கு அது சட்டக் கடமை. புதுச்சேரிக்காரர்களும் மனிதத்தன்மை கருதியாவது செய்யுங்கள்.

ஃபேன் காற்று அவர்களுக்கும் வருகிறதா, சாப்பிட ஒரு மூலை உண்டா, தண்ணீர் குடிக்க எங்கே போகிறார்கள், பெண் ஊழியர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். ரிசப்ஷன் மேஜையில் டிபன் பாக்ஸும் கைப்பையும் கிடப்பது அவர்கள் ஒழுங்கின்மை இல்லை; வைக்க வேறு இடம் தராதது உங்கள் குறை. ஒரு பூட்டுள்ள அலமாரி போதும்.

ஒன்பதாம் படி: உப்புக்காற்றும் ஐப்பசி மழையும்

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ எழுதிய உள்ளலங்கார யோசனைகள் நம் கடற்கரைக்கு அப்படியே ஒத்துவராது. தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கமோ கடை என்றால், சாதாரண இரும்பு நாற்காலியின் கால் சீக்கிரமே துருப்பிடித்து டைல்ஸில் பழுப்பு வட்டம் போடும். ஒரு தடவை ஊறிய கறை போகவே போகாது. 304 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். கடலுக்கு மிக அருகில் என்றால் 316. விலை கட்டுப்படியாகாவிட்டால் தேக்கோ, நல்ல ரகப் பிளாஸ்டிக்கோ மேல். துருப்பிடித்த நாற்காலிக்கு மேல் பெயின்ட் அடித்து ஒப்பேற்றாதீர்கள்; வெள்ளைப் புடவையில் ஒட்டும்.

2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்கு ஃப்ளெக்ஸ் போர்டின் கதி தெரியும். கிழிந்து தொங்கும் போர்டு, கடை மூடிவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். புரட்டாசிக்குள் போர்டின் சட்டத்தையும் திருகையும் சோதித்து விடுங்கள். வாசலில் குடை வைக்க ஒரு வாளி, நீர் உறிஞ்சும் மிதியடி இரண்டு (ஒன்று நனைந்ததும் மாற்ற), வழுக்காத தரை இந்த மூன்றும் மழைக்கு முன் தயாராக இருக்கட்டும். இன்வெர்ட்டரில் எந்த விளக்கு எரியும் என்பதையும் யோசியுங்கள். பல இடங்களில் டாக்டர் அறைக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் இணைப்பு கொடுத்துவிட்டு, காத்திருப்பவர்களை இருட்டில் விட்டுவிடுகிறார்கள்.

பத்தாம் படி: எதற்கு முதலில் பணம், எதைப் பார்த்துக் கணிப்பது

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் வரிசை இது: கழிப்பறை, கை கழுவும் இடம், உட்காரும் இருக்கை, விளக்கு, கவுண்டரின் திசை, போர்டு. பெயின்ட் அதற்குப் பிறகு. ஃபால்ஸ் சீலிங் கடைசி. கழிப்பறையை முதலில் வைக்கக் காரணம், துணைக்கு வந்த பெண்களும் சர்க்கரை நோயுள்ளவர்களும் ஓர் இடத்துக்கு மறுபடி போவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

மாற்றம் செய்த பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு சார்" என்பார்கள். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 1997-ல் ஏட்ரியன் நார்த்தும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பிரிட்டனில் ஒரு கடையில் பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை ஒலித்த நாள்களில் ஜெர்மன் ஒயினும் அதிகம் விற்றன. இசைதான் தன்னைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே. ஆகவே கேட்பதை விட்டுவிட்டுக் கவனியுங்கள். டோக்கன் வாங்கிவிட்டுப் பாதியில் கிளம்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்? எந்த இருக்கை காலியாகவே கிடக்கிறது? வாசல்வரை வந்து தயங்கித் திரும்புகிறவர்கள் உண்டா? ரிசப்ஷனில் ஒரே கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது? ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, சில வாரம் விட்டு, நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாதத்தையும் கணக்கில் சேருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் திருவந்திபுரம் கோயிலில் நடக்கும் கல்யாணங்களை நம்பியிருக்கும் பார்லர்களில் கூட்டம் எப்படியும் குறையும்; அதை மாற்றத்தின் தலையில் போடாதீர்கள். சுவர் பூசவும், ஒயரை ஒழுங்குபடுத்தவும், நாற்காலி மாற்றவும் அந்த மாதத்தையே ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கும்போது பெயின்ட் வாடையும் போயிருக்கும்.